எவனும் பார்க்காத விளக்குத்தூண்

“…திரும்பிக்கூடப் பார்க்குறதில்ல சார். இன்னாத்துக்குப் பார்க்கணும்? கடல் எனக்கு உள்ளங்கை மாதிரி” என்று என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி, பழைய கட்டடங்களைப் பார்வையிட வந்த அதிகாரியிடம் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் பார்ப்பதில்லை என்றது, முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்கள் சின்ன விளக்குத்தூணை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. யார் கட்டினது என்று என் வலைக்கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “எங்காளுங்க சரக்குக் கப்பலுக்கு வழி தெரியணும்னு கட்டுனது” என்பார் ஊருக்குள்ளிருந்து வரும் பாய். “உங்க கப்பல் மணல்ல ஏறுன பின்னாடிதானே கட்டுனாங்க” என்பார்கள் குப்பத்து ஆட்கள். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. அப்புறம் பல்பு. ஒரு புயலில் கம்பி அறுந்தது, அப்புறம் யாரும் ஏற்றவில்லை. இது அத்தனையும் நாலு பக்கம் எழுதி அதிகாரி கையில் கொடுத்திருந்தேன்.

பொறுமையாகப் படித்தார், பாவம். “வரலாறு நல்லாருக்கு. ஆனா தூணு சாஞ்சு நிக்குது. இப்பவும் இதை வெச்சுத் தொழில் பண்றோம்னு யாராவது எப்படின்னு விவரமா சொல்லுங்க, எழுதிக்கிறேன். பழுது பார்த்துடலாம். இல்லன்னா இடிக்கிறதுதான்.”

இவ்வளவுதான் கேட்டார். கரையில் முப்பது பேர் நின்றோம். அதில் தூணைப் பார்க்காமல் கடலுக்குப் போகிறவன் ஒருத்தன் கிடையாது. கடலுக்கடியில் கல் கிடக்கும் இடத்தில்தான் மீன் கூடும். அந்த இடத்தைக் கரையில் இருக்கிற தூண் மாதிரி அடையாளங்கள் ஒன்றோடொன்று ஒரே நேரில் வருகிறதா என்று பார்த்துத்தான் பிடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம், ஒரு கணக்கு. அதைப் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். பக்கத்துப் படகுக்காரன் காதில் விழுகிற மாதிரி சொல்வார்களா?

“நானும் பார்க்கல சார்.”

“எங்களுக்குப் போன்லயே வழி காட்டுது சார்.”

“டேய், போன வாரம் பனியில தூணைக் காணோம்னு கத்துனது யாரு?”

“அது நீ கத்துனது!”

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வது என்பார்கள். இங்கே முப்பது மூக்கு, ஒரே நாளில்.

மச்சானைப் படகு மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனிடம் இருப்பது சின்னப் படகு. போன் ஒருதரம் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. அந்தத் தூணை விட்டால் அவனுக்கு நாதியில்லை.

“ஏன்டா மச்சான், வாயைத் திறந்தா இன்னா?”

“சும்மா இரு மாமா. சொன்னா நாளைக்கு என் கல்லு மேல பத்து வலை கெடக்கும்.”

“தூணே போச்சுன்னா கல்லு எங்கன்னு உனக்கே தெரியாதேடா!”

“தெரியாது. அவனுங்களுக்கும் தெரியாது இல்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முகத்துவாரம் மணல் அடைத்தபோது இதே ஆட்கள் ஒன்றாக நின்று ரோட்டை மறித்தார்கள். வாய் திறக்க மட்டும் ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது.

அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதி, மடித்துப் பையில் வைத்தார். “எவரும் பயன்படுத்தலன்னு போட்டுட்டேன். அடுத்த வாரம் ஆள் வருவாங்க” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். வண்டி கிளம்பியது. மச்சான் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பிக்கூடப் பார்க்காத தூணை.

பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஜீப்புக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினான். “பேப்பரை எடு சார். தூணும் பள்ளிவாசல் மினாராவும் ஒண்ணா நிக்கணும். அந்தாண்ட தண்ணி டேங்க், சவுக்குத்தோப்பு நுனியில வந்து உக்காரணும். அங்கதான் என் கல்லு. எழுதிக்கோ” என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.