ஒட்டிப்போன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆர்விட்

வெர்னா குலிக்சன் கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார். அடுப்பை அணைத்தேனா, காஸ் வால்வைத் திருகினேனா, ஆர்விட் செருப்பு போட்டிருக்கிறாரா. வந்து பார்த்துவிட்டு மறுபடி கிளம்புவார். மறுபடியும் திரும்பி வருவதுண்டு.

நான் ரோகே. தெற்கே பாலைவனத்தில், யூமா நகரத்துக்கு மேலே ஆற்றோரத்தில் இருக்கும் சில்வர் பெண்ட் டிரெய்லர் பார்க்கில் தண்ணீர், கரண்ட், சாக்கடை எல்லாம் என் பொறுப்பு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஜனம் டிரெய்லர் வீடுகளை இழுத்துக்கொண்டு வந்து நிரம்பிவிடும். ஏப்ரல் தாண்டினால் எல்லாரும் ஊருக்கு ஓடிவிடுவார்கள். அந்த வருஷம் கோடையிலும் தங்கிவிட்டவர்களில் வெர்னாவும் அவர் கணவர் ஆர்விட்டும் இருந்தார்கள். வடக்கு டகோட்டா வீட்டை விற்றுவிட்டார்கள். திரும்பிப் போக அங்கே ஒன்றும் இல்லை.

ஆர்விட் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஆறடி உயரம், பெரிய கை. இப்போது மறதி நோய். காலையில் என்னை அடையாளம் தெரியும், மதியம் தெரியாது. கோபம் வராத மனிதர். புழுதி மட்டும் பிடிக்காது. மேற்கே வானம் பழுப்பாக மாறினால் ஓடி ஓடி ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கொக்கியை இறுக்கிவிடுவார். புழுதி அடங்கினாலும் திறக்க விடமாட்டார்.

"மூச்சு முட்டுது ஆர்விட், ஒண்ணையாவது திறந்து வையேன்," என்பார் வெர்னா.

"கிராமத்து ரோட்டுல பஸ் பின்னாடி வர்ற புழுதி உனக்குத் தெரியாது," என்பார் அவர்.

இரவில் எழுந்து வெளியே நடந்துவிடுவாரோ என்று வெர்னாவுக்குப் பயம். ஒருமுறை ஆற்றங்கரையில் போய்ப் பிடித்திருக்கிறார். அதனால் கதவின் உள்பக்கம், மேலே, ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டார். நான்தான் திருகிக் கொடுத்தேன். அவ்வளவு உயரத்தில் இருப்பதை அவர் கவனிக்கமாட்டார் என்று நினைத்தோம்.

ஜன்னல்களைப் பற்றியும் வெர்னாவுக்குக் கவலை. டிரெய்லர் ஜன்னலைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் ஓடும். வெயிலில் அது காய்ந்து வெடித்தால் புழுதி உள்ளே வரும், மழை வந்தால் ஒழுகும். அடுத்த இடத்தில் குடியிருந்த கிளீட் ஓக்லஹோமாக்காரர், எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவர்.

"பெட்ரோலிய ஜெல்லி இருக்குல்ல, அதை நல்லா தடவி விடுங்க வெர்னா. ரப்பர் பத்து வருஷம் வரும்."

"ஒட்டிக்காதா?"

"ஜெல்லி எங்கயாவது ஒட்டுமா? ஜன்னலைப் பத்திக் கவலைப்படுறதுக்குன்னே சம்பளம் வாங்குறீங்களா நீங்க?"

மே மாதத்தில் வெர்னா உட்கார்ந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் தடவினார். அப்புறம் ஏசி போட வேண்டிய வெயில் வந்துவிட்டது. ஜூன் முழுக்க யாரும் ஒரு ஜன்னலையும் திறக்கவில்லை. அந்த வழுவழுப்பு ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும், புழுதி அதில் படிந்து வெயிலில் வெந்தால் கோந்தாகிவிடும் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஜூலையில் ஒரு நாள் நடுப்பகலில் புழுதிக்காற்று அடித்தது. எதிரே இருக்கும் வண்டி தெரியவில்லை. அது ஓய்ந்து, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பார்க் முழுக்க கரண்ட் போனது. நான் வாசல் பக்கம் பெரிய கரண்ட் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்னா துணி துவைக்க நகரத்துக்குப் போயிருந்தார். ஆர்விட் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குவார், அந்த நேரம்தான் வெர்னாவுக்கு வெளியே போக வாய்க்கும்.

திரும்பி வந்த அவர் ஈரத்துணி மூட்டையைக் காரிலேயே போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். அந்த வயதில் அந்த வெயிலில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"ரோகே, கதவு திறக்கல. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டாரு. ஏசி சத்தமே இல்ல."

டிரெய்லரின் தகரத்தில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே அடுப்பு மாதிரி இருந்திருக்கும்.

தீயணைப்பு வண்டிக்கு போன் போட்டோம். நகரத்திலிருந்து வர வேண்டும், புழுதிக்காற்றில் நெடுஞ்சாலையில் விபத்து, நேரமாகும் என்றார்கள். சத்தம் கேட்டு கிளீட் கடப்பாரையோடு வந்தார். கதவு இடுக்கில் விட்டு நெம்பினார். தகரம் மடங்கியது. தாழ்ப்பாள் அசையவில்லை. நான் திருகியது அவ்வளவு கெட்டி.

சமையல் பக்கத்து ஜன்னலை நான் உடைத்தேன். அதில் ஒரு பூனை நுழையலாம், மனிதர் நுழைய முடியாது. உடைந்த இடம் வழியாக வந்த காற்று என் முகத்தைச் சுட்டது. மனிதர் நுழையும் அகலத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான். கட்டில் பக்கம், ஆபத்துக்கு வெளியேறுவதற்கென்றே வைத்தது. உள்ளே இரண்டு சிவப்புக் கைப்பிடி இருக்கும். திருப்பித் தள்ளினால் மேலே கீல் போட்ட கண்ணாடி முழுசாக வெளியே தூக்கிக்கொள்ளும்.

நாங்கள் சுற்றி ஓடிப் போனோம். ஆர்விட் அங்கேதான் இருந்தார். கட்டிலில் முழங்காலிட்டு, முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தார். முகம் சிவந்து போயிருந்தது. வியர்வையே இல்லை. அந்தச் சூட்டில் வியர்வை நின்றுவிட்டால் அதிக நேரம் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

நான் கடப்பாரையைத் தூக்கினேன். வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முகம் அங்க இருக்கு ரோகே. கண்ணு போயிடும்."

"பின்னாடி போகச் சொல்லுங்க அவரை."

"ஆர்விட், கொஞ்சம் தள்ளிப் போ. ஆர்விட், நான்தான். வெர்னா."

அவர் எங்களைப் பார்த்தார். யாரையும் தெரியவில்லை. தள்ளியும் போகவில்லை. வெர்னா கண்ணாடியில் தட்டினார், கெஞ்சினார், சிவப்புக் கைப்பிடியைக் காட்டினார். அவர் பார்வை எங்கோ இருந்தது. தலை மெல்லச் சாயத் தொடங்கியது.

வெர்னா அழுகையை நிறுத்தினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினார்.

"மிஸ்டர் குலிக்சன், பஸ் நின்னு போச்சு. முன்கதவு திறக்கல. பிள்ளைங்க உள்ள இருக்காங்க."

ஆர்விட்டின் தலை நிமிர்ந்தது.

"எமர்ஜென்சி ஜன்னலைத் திறங்க. ஒத்திகை செஞ்ச மாதிரி."

"எல்லாரும் உக்காருங்க," என்றார் ஆர்விட் உள்ளே, முதுகுக்குப் பின்னால் யாரிடமோ. குரல் காய்ந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. "தள்ளக் கூடாது. பையை விட்டுட்டு வாங்க."

இரண்டு கைப்பிடியையும் சரியாகப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையால் தள்ளினார். ஜன்னல் அசையவில்லை. மறுபடி தள்ளினார். ரப்பர் சட்டத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது.

"ஒட்டிக்கிச்சு," என்றார் கிளீட். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, அந்த ஜெல்லி."

"அதை அப்புறம் பேசலாம்," என்றார் வெர்னா. காருக்கு ஓடி, டிக்கியிலிருந்து கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்து வந்தார். வடக்குக்காரர்கள் பாலைவனத்துக்கு வந்தாலும் அதை வண்டியை விட்டு இறக்கமாட்டார்கள். கீழ் மூலையில் கடப்பாரை நுனியால் ஒரு நூல் இடுக்கு உண்டாக்கினேன். அதில் தகட்டைச் செருகி, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே இழுத்துக்கொண்டே போனேன். கறுப்பாக, பிசினாக வந்தது. பாதியில் தகடு மாட்டிக்கொண்டது. கிளீட் குடிதண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பாட்டிலிலேயே குலுக்கி இடுக்கில் ஊற்றினார். தகடு நகர்ந்தது.

"மிஸ்டர் குலிக்சன், இன்னும் ஒரு தடவை. குதிகாலால."

"எனக்குத் தெரியும்மா," என்றார் அவர். மல்லாந்து படுத்து இரண்டு குதிகாலாலும் உதைத்தார். கிழிகிற சத்தத்தோடு ஜன்னல் எழுந்தது. நானும் கிளீட்டும் அதைப் பிடித்துத் தூக்கினோம்.

ஆர்விட் வெளியே வரவில்லை.

"வா ஆர்விட், இறங்கு."

"பிள்ளைங்க முதல்ல."

"இறங்கிட்டாங்க எல்லாரும்."

"நான் பாக்கல."

காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இளகினால் அவர் மயங்கிவிட்டார் என்று அர்த்தம், அது வரை காத்திருக்கவும் பயமாக இருந்தது. வெர்னா மூச்சு வாங்கிக்கொண்டே பேர் சொல்லத் தொடங்கினார். சின்ன ஊர், எல்லாப் பிள்ளைகளையும் அவருக்கும் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு தட்டு, தன் தொடையில்.

"லோவெல் இறங்கிட்டான். ஆண்டர்ஸ் வீட்டு ரெட்டைங்க இறங்கிட்டாங்க. மாரிஸ். கென்னி. சின்ன பெத்."

"டார்லா?" என்றார் ஆர்விட். "பின் சீட்டுல தூங்கிடுவா அவ."

வெர்னா திகைத்து நின்றுவிட்டார். டார்லா அவருக்கு நினைவில் இல்லை போல. அப்போது கிளீட் முன்னால் வந்தார். எதிலும் கேலி பேசுகிற அந்த மனிதர் தன் கையைக் கீழே தாழ்த்தி, யாரையோ பிடித்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"டார்லா இங்க என்கிட்ட நிக்கிறா சார். செருப்பு ஒண்ணு விட்டுட்டா, அவ்வளவுதான்."

ஆர்விட் ஜன்னல் வழியாக எட்டி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிடியை விட்டார். மூன்று பேரும் சேர்ந்து அவரை வெளியே இழுத்து, என் வண்டியின் நிழலில் போட்டு, துவைத்த ஈரத்துணிகளை எல்லாம் அவர் மேல் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் வெர்னாவிடம், "உங்க பிள்ளை யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. வெர்னாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார், பதிலுக்குக் கதவில் மணி கட்டினார். மணி ஒலிக்காத நேரத்திலும் ஒலித்தது போல எழுந்து உட்காருவார்.

பிறகு ஜன்னல் வேலையில் இறங்கினார். ரப்பர் பட்டைகளை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிசின் எல்லாம் போகும்வரை துணியால் உருவி எடுத்தார். முழுக்கக் காயவிட்டு, எண்ணெய் இல்லாத சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து மெல்லிசாகத் தேய்த்தார். உப்பிப்போன இரண்டை மாற்றினோம். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து மூடினார். ஆர்விட் திறக்க விடாத நாளில், "ஒத்திகை, மிஸ்டர் குலிக்சன்," என்பார். உடனே எழுந்து வந்து அவரே திறப்பார்.

கிளீட் ஒருநாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "என் ஜன்னலையும் கொஞ்சம் பாக்கணும் வெர்னா."

"ஜெல்லி தடவியிருக்கீங்களா?"

"எல்லாத்துலயும்."

வெர்னா திட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனார். கிளீட் பின்னால் நடந்தார்.

செப்டம்பரில் அவர்கள் பொருளைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று வெர்னா ஒப்புக்கொள்ள அவ்வளவு நாள் ஆனது. ஆர்விட் என் கையைக் குலுக்கி, டயரில் காற்றுப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். வெர்னா வண்டியைக் கிளப்பினார், வாசலில் நிறுத்தினார், இறங்கி டிரெய்லரைச் சுற்றி வந்தார், ஏறினார். வளைவில் மறுபடி நிறுத்தினார்.

அடுத்த வசந்தத்தில் கிளீட் என் கொட்டகைக்கு வந்தார். வெர்னா போன் செய்திருந்தாராம்.

"ஆர்விட் போயிட்டாரு. தூக்கத்துல. வெர்னா பக்கத்துலயே இருந்தாங்களாம்."

நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"டார்லா யாருன்னு கேட்டேன்," என்றார் கிளீட். "அந்த ஊர்ல டார்லான்னு யாருமே இல்லையாம்."

"வெர்னா எப்படி இருக்காங்க? தூங்குறாங்களா?"

"அதைக் கேக்கல," என்றார் அவர். "கேக்கணும்."