தாய்மாமன் கட்டாத குடிசை

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரை எந்த நாளிலிருந்து இல்லாதவர் என்று சொல்லத் தொடங்க வேண்டும்? உடல் கரைக்கு வந்த வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை. எங்கள் வீட்டில் எழுந்தது. இன்றும் எனக்கு விடை தெரியாது.

என் அண்ணன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பொங்கலுக்குச் சற்று முன்னால் போன படகு அவர் இல்லாமல் திரும்பியது. வலையை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் படுக்கப் போனவரை விடிந்ததும் காணவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். மற்ற படகுகளும் போய்த் தேடின. அண்ணி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. "வேற போட்டுக்காரன் எவனாவது தூக்கிகினு போயிருப்பான். ஆந்திரா பக்கம் எங்கியாவது கரை ஏறியிருப்பாரு" என்றாள். நாங்களும் தலையாட்டினோம். எந்தச் சடங்கும் செய்யவில்லை.

மே மாதம், பள்ளி விடுமுறையில், என் மகள் பெரியவளானாள். பதினொரு வயதுதான். அவளுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே தள்ளிப்போட்டிருந்தேன். குளியலறைக்குள்ளிருந்து "அம்மா, நீ மட்டும் வா" என்று அவள் கூப்பிட்டபோது சொல்லவேண்டியதில் பாதி மறந்துபோனது. செய்தி கேட்ட என் மாமியார் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை வேறு: "ஓல யாரு கட்டறது?"

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் வந்து வீட்டுக்கு வெளியே நான்கு கட்டை நட்டு, பச்சைத் தென்னை ஓலையால் மூடி, சின்னக் குடிசை ஒன்று கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றும் நாள்வரை பெண் அதில் உட்காருவாள். இப்போதெல்லாம் பகலில் கொஞ்ச நேரம் பேருக்கு உட்கார்ந்தால் போதும். சடங்கு முடிந்ததும், கட்டிய கையே குடிசையைப் பிரித்துப் போட வேண்டும். ஒரு சின்னப் பெண்ணை இப்படி ஊர் பார்க்க உட்காரவைப்பது சரிதானா என்று படித்த எனக்குத் தோன்றாமல் இல்லை. வேண்டாம் என்று சொல்லப் பயமாகவும் இருந்தது. அதோடு, அண்ணனின் ஆசை அது. அவருக்குக் குழந்தை இல்லை. என் மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, "என் மருமவளுக்கு மொட்ட மாடில கட்டுவேன். கடலப் பாத்துகினு ராணி மாரி குந்தட்டும்" என்பார்.

"உன் சித்தப்பா மவனக் கூப்புடு" என்றார் மாமியார். "மீன்புடி தடைக்காலந்தான, போட்டு போவல, வூட்டுல சும்மாதான் கீறான். அவனும் மாமன் மொறதான்."

அவர் சொன்னதில் தவறில்லை. சித்தப்பா மகனும் சரி என்றான். ஆனால் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று திருவொற்றியூர் கடலோரத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவன் கட்டட்டும். நல்லா கட்டுவான்" என்றாள். அப்புறம், "உங்க அண்ணன் இல்லன்னு ஊரக் கூட்டிச் சொல்ல வாய் வரல. அதான் ஓலையக் கட்டிச் சொல்றீங்க" என்றாள்.

"ஐயோ, அப்படி இல்ல அண்ணி."

"பின்ன எப்டி? உயிரோட கீற மாமன் எடத்துல இன்னொருத்தன் எதுக்கு வந்து நிக்கணும்?"

அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன். "யாரும் அவர் எடத்துல நிக்க மாட்டாங்க. நானே கட்டறேன். அண்ணன் பேர்ல."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? சுவத்துல காலண்டர் மாட்ட ஆள் தேடுவியே, நீயா?" என்று சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகவே கட்டிவிடலாம் என்று தோன்றியது.

தண்டையார்பேட்டையில் சவுக்குக் கட்டை விற்கும் இடத்துக்குப் போனேன். "இன்னாம்மா, பந்தலுக்கா? வூட்டுல ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார் கடைக்காரர். என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் சாலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் வந்திருந்தாலும் கட்டையைத் தொட முடியாது. பெண்ணைப் பெற்றவன் அந்தக் குடிசையைக் கட்டக் கூடாதாம். பெற்றவள் கட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இதுவரை எவளும் கட்டியதில்லை என்பதால் கூடாது என்றும் யாரும் சொல்லிவைக்கவில்லை.

மொட்டை மாடியில் குழி தோண்ட முடியாது என்பதே கட்டைகள் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போனில் வீடியோ பார்த்தேன். பழைய பெயின்ட் டப்பாக்களில் கட்டையை நிறுத்தி மணல் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். மேலே குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்ததும் கட்டையின் முனை பிளந்துகொண்டது. ஓரத்தில் அடிக்கக் கூடாது, உள்ளே தள்ளி அடிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு தெரிந்தது. நான்கு கால்களையும் இணைத்து முடித்து எட்ட நின்று பார்த்தால் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, மறுபடி கழற்றி, மறுபடி அடித்தேன். கையால் தள்ளினால் ஆடியது. ஒவ்வொரு பக்கத்திலும் சாய்வாக ஒரு கட்டை கொடுத்த பிறகு ஆடவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மாலையில் கடற்காற்று எழுந்தது. ஓலையும் கட்டிவிட்டால் காற்று இதைப் பாய்மரம்போல் தூக்குமே, உள்ளே என் பெண் இருப்பாளே என்று தோன்றியது. டப்பாக்களில் இருந்த மணலைக் கொட்டிவிட்டு, கீழ்வீட்டுப் பூச்சு வேலையில் மிச்சமான சிமென்ட்டைக் கலந்து ஊற்றினேன். கயிறு போதும் என்று வீடியோவில் சொன்ன இடத்திலும் ஆணி அடித்தேன்.

மாமியார் படியேறி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னாடி இது? ஓலக் குடிசயா, போலீஸ் பூத்தா? பிரிச்சுப் போடறதுக்கு எவளாவது சிமென்ட்டு போடுவாளா?"

"காத்து அடிக்குது அத்த."

"காத்து அடிக்குதாம். கப்பலே கட்டிப்புடுவா போல கீது."

மறுநாள் ஓலை கட்ட அண்ணி வந்தாள். அண்ணனின் நைலான் கயிற்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். எனக்கு வராத முடிச்சுகளை அவள் விரல்கள் பார்க்காமலே போட்டன. "மாமா இத விட சூப்பரா கட்டிருப்பாரா அத்த?" என்று என் மகள் கேட்டாள். "உங்க மாமனா? ஓலையத் தூக்கி மேல போட்டுட்டு, கீழ குந்தி டீ கேப்பாரு" என்றாள் அண்ணி. மூன்று பேரும் சிரித்தோம்.

தண்ணீர் ஊற்றும் நாளில் முதல் சொம்பு மாமன் மனைவி ஊற்ற வேண்டும். அண்ணி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தாள். வந்திருந்த பெண்களின் கண் அவள் தாலிக்குப் போனது. மாமியார் என்னைச் சமையலறைக்கு இழுத்தார். "பச்சப் புள்ளைக்கு மொதத் தண்ணி. உன் சித்தப்பா மருமவ ஊத்தட்டும். நான் கெட்டவள்னு நெனச்சிக்காத. எனக்கும் பயமா கீது."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. வெளியே வந்து சொம்பை எடுத்தேன்; யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியை அண்ணி பார்த்துவிட்டாள். பிறகு அவளிடம்தான் கொடுத்தேன். அவள் ஊற்றிய தண்ணீரில் பாதி தரையில் போனது.

சாப்பாடு முடிந்து, குடிசையைப் பிரிக்க நான் சுத்தியலோடு மாடிக்குப் போனேன். அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"அவுரு பேர்லதான கட்டின? அப்ப அவுரே வந்து பிரிக்கட்டும்" என்றாள். "பாரு, எப்டி நிக்குது. வர்ற வரைக்கும் நிக்கும்."

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து மாலை வேளைகளில் அண்ணி வருகிறாள். எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலையோ, பெண்ணுக்கு ஏதாவது தின்பண்டமோ கொண்டுவருவாள். மாடிக்குப் போய்க் குடிசைக்குள் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். இருட்டத் தொடங்கியதும் இறங்கி வந்து, "வரேம்மா" என்று போய்விடுவாள். அழுது நான் பார்த்ததில்லை. ஓலை காய்ந்து உதிர்ந்தபோது ஒருநாள் பச்சை ஓலை வாங்கிவந்து தானே புதிதாகக் கட்டினாள். எதிர்வீட்டுப் பெண் தெருவிலிருந்தே கேட்டாள், "இன்னாக்கா, உங்க வூட்டுல இன்னொரு பொண்ணு குந்திகிச்சா?" எனக்கு ஒரே பெண் என்று அவளுக்குத் தெரியும்.

என் மகள் இப்போது மாடிக்கே போவதில்லை. துணி எடுத்துவரச் சொன்னாலும் மழுப்புகிறாள். போன வாரம் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: "அத்த என்னப் பாக்க வராங்களா, மாமாவப் பாக்க வராங்களா?"

தாய்மாமன் இடத்தில் சித்தப்பா மகன் நின்றிருந்தால் அண்ணி அன்றே அழுது தீர்த்திருப்பாளோ? அவளைக் காயப்படுத்தக் கூடாது என்று நான் செய்ததுதான் அவளை இங்கே உட்காரவைத்துவிட்டதோ? இல்லை, இந்த மாடி இல்லாவிட்டாலும் கடற்கரையில் எங்காவது இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ? துணி மடிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலம் வந்துவிட்டது. புயல் அடித்தால் ஒரு கட்டை பறந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்தாலும் போதும், பெரிய வம்பு என்கிறார் என் கணவர். வரும் ஞாயிறு லீவு போட்டு ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுகிறேன், இனி யார் பிரித்தால் என்ன என்கிறார். அவர் சொல்வது நியாயம். அண்ணி இல்லாத நேரத்தில் அறுத்துவிட்டால், மாலையில் படியேறி வருகிறவள் வெறும் தரையைப் பார்ப்பாள். சொல்லிவிட்டு அறுப்பதானால், "இனி வர மாட்டார் அண்ணி" என்ற வாக்கியத்தை நான் என் வாயால் சொல்ல வேண்டும். நானே இன்னும் எனக்குள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

இதைப் படிப்பவர்களில், கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் யாராவது வந்து அதைச் சொன்னார்களா? சொன்னவர் எப்படிச் சொன்னார், எந்த இடத்தில் உங்களை உட்காரவைத்துச் சொன்னார்? சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று பின்னால் நினைத்தீர்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால் நல்லது. முடியாவிட்டால், இன்னும் ஒரு வாரம் பொறுக்கும்படி என் கணவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.