சுங்காய் மண்டபத்தில் யாரும் நிற்காத மூலை

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாகப் பெர்த்தில் இருக்கும் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: "திங்கட்கிழமை சொல்கிறேன்." அங்கே எனக்கு ஒரு வேலையும் தன் வீட்டில் ஓர் அறையும் பார்த்து வைத்திருக்கிறார். ஈப்போவில் தனியாக இருக்கும் நாற்பத்தாறு வயதுக்காரிக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் 'சரி' என்று எழுத விரல் வரவில்லை.

அன்றுதான் சுங்காய்ப் பயணம். முன்பு ரப்பராக இருந்து இப்போது எண்ணெய் தரும் செம்பனையாகிவிட்ட தோட்டம் ஒன்றின் மண்டபத்தில், எதிர்காலத்தைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் பட்டறை நடத்தினார்கள். யாரும் போகலாம், கட்டணம் இல்லை. ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க வாடகைக் காருக்கு நூற்றெண்பது ரிங்கிட். ஏழு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குச் சேர்ந்தோம்.

அவர்கள் ஜோசியம் சொல்வதில்லை. நிச்சயமில்லாத இரண்டு கேள்விகளை எடுக்கிறார்கள். இளையவர்கள் இங்கே தங்குவார்களா, போவார்களா? தோட்டத்துக்கு ஆள் வேண்டுமா, இயந்திரமே போதுமா? இவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு எதிர்காலங்கள். மண்டபத்துக்கும் நான்கு மூலை. ஒவ்வொன்றிலும் போய் நின்று, இருபத்தைந்து வருடம் கழிந்துவிட்டதுபோலப் பேச வேண்டும்.

எல்லாரும் போய்விட, இயந்திரம் மட்டும் ஓடும் மூலையில் யாரும் நிற்கவில்லை.

"வாயால சொன்னா நடந்துரும். நான் மாட்டேன் லா," என்றார் மண்டபத்துக்குப் பக்கத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் ஜெயா அக்கா. ஆய்வாளர் பெண் கெஞ்சிப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை.

வாசலில் நின்ற என் வாடகைக் கார் டிரைவர் செல்வம் அண்ணன் உள்ளே வந்தார். "நான் நிக்கிறேன். நான் தைப்பிங் ஆளு, எனக்குப் பலிக்காது."

"உங்க ஊருல தெனம் பெய்யுற மழைய தவிர என்ன பலிக்கும்!" என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது.

செல்வம் அண்ணன் அசரவில்லை. "மணி பதினொண்ணு. ஒரு ஆளு இல்ல, ஒரு கடை இல்ல. ஒரு தே குடிக்கணும்னா பீடோர் போகணும்."

"ஏன், நான் எங்க போயிட்டேன்? என் வீட்டுல தே இருக்கு, வாங்க!" அக்கா கோபமாக அதே மூலைக்கு நடந்தார். பின்னாலேயே நானும் நான்கைந்து பேரும். எதற்குப் பயந்தோமோ அந்த எதிர்காலத்தில் கூட்டமும் தேநீரும் வந்துவிட்டன.

நான்கு மூலைக் கதைகளிலும் பொதுவாக வருவதைத்தான் கடைசியில் தேடுவார்களாம். எப்படி மாறினாலும் தாங்கும் முடிவு அதில் இருக்குமாம். நானும் நான்கிலும் நின்று பேசியிருந்தேன். நான் சொன்ன நான்கு கதையிலும், இருபத்தைந்து வருடம் கழித்தும் ஈப்போவிலிருந்து காரில்தான் வந்திறங்கினேன். ஒன்றில்கூடப் பெர்த்திலிருந்து விமானத்தில் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் சுங்காயில் நிற்கும், ஆனால் அங்கிருந்து தோட்டத்துக்கு வண்டி கிடைப்பது சிரமம். காரை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அக்கா தே கொடுத்தால் மறுக்காதீர்கள். அவருக்கும் செல்வம் அண்ணனுக்கும் நான் நன்றி சொன்னேன். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் தாப்பா தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன். நான் பெர்த்துக்குப் போகவில்லை. இன்று ஞாயிறு, இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நல்லவேளை, பெர்த் அண்ணன் என் வலைப்பூவைப் படிப்பதில்லை.