ஒரு விரல் தாழ்ந்த வெள்ளைக் கோடு

மிச்சிகனில், சாகினா விரிகுடாவை ஒட்டிய எங்கள் ஊரில், குளிர்காலம் முடிந்ததா என்று பார்க்க யாரும் காலண்டரைப் புரட்டுவதில்லை. அர்லீன் வோய்ட்டெக் வீட்டுப் படியிறங்கித் தெருவோரம் வருவார். குனிந்து, விரலை எச்சிலில் நனைத்துத் தாரின் மேல் ஒற்றி, நாக்கில் வைத்துப் பார்ப்பார். பனி உருகுவதற்காக லாரி கொட்டிப்போன, வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு இன்னும் கரித்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒரு பெருமழை வந்து ரோட்டைக் கழுவிவிட்டுப் போன மறுநாள் மறுபடி குனிவார். அன்று அவர் முகம் சுளிக்காவிட்டால் கராஜ் கதவு திறக்கும். எட்டு சிலிண்டர் எஞ்சின் தொண்டையைச் செருமும் சத்தம் எங்கள் ஜன்னல் கண்ணாடிவரை வந்து தொடும். தெருவே ஸ்வெட்டரைக் கழற்றும்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

வண்டி, அறுபத்தெட்டாம் வருஷத்து செவெல் கார். பாசிப்பச்சை நிறம். இரண்டு கதவு, தரையிலிருந்து எழும் கியர் தண்டு, விளக்கிலிருந்து வால்வரை பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் வெள்ளைக் கோடு. அர்லீனுக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, சர்க்கரை ஆலையில் மூட்டை தைத்துச் சேர்த்த சம்பளத்தில் புதிதாகவே வாங்கியது. லுட்கே ஷோரூமில் இருந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பாவக் கூட்டிட்டு வாம்மா, பேசலாம்" என்றாராம்.

"அப்பா வெளியதான் நிக்கிறாரு. அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் வண்டி எடுத்தாத்தான் அவரு வீட்டுக்குப் போக முடியும்" என்றிருக்கிறார் அர்லீன்.

கோடுகள் கம்பெனியில் போட்டவை அல்ல. வேண்டும் என்று கேட்பவர்களுக்கு லுட்கே ஷோரூமிலேயே லென்னர்ட் என்ற பெயிண்டர் கையால் போட்டுக் கொடுத்தார். வண்டியை வெளியே எடுத்த அன்றே அர்லீன் கவனித்துவிட்டார். இடதுபக்கக் கோடு வலதுபக்கத்தைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு வா, சரி பண்ணித் தர்றோம்" என்றார்கள்.

"மூணு வருஷம் மூட்டை தச்சிருக்கேன். இன்னொரு நாள்லாம் பொறுக்க முடியாது" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வண்டிமேல் யாரும் தூரிகை வைக்கவில்லை. அவருடைய கணவர் ரே, பால் டேங்கர் ஓட்டியவர், ஊரிலேயே நல்ல டிரைவர் என்று பேர் வாங்கியவர், செவெலை இரண்டே முறைதான் ஓட்டினார். ஒன்று, மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு. வலிக்கு நடுவே அர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிளட்ச்ச முழுசா அமுக்கு ரே, முழுசா!" என்று கத்தியதை ரே சாகும்வரை சொல்லிச் சிரித்தார். இரண்டாவது முறை, அங்கிருந்து மூவருமாக வீட்டுக்கு.

பிழைப்புக்கு அர்லீன் ஓட்டியது பள்ளிக்கூட பஸ். ஊரில் பாதிப் பேர் டிரைவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து அடங்கி உட்கார்ந்தவர்கள்தான். அதில் ஒருவர் கோர்டி ஹாஃப்னர். பஸ்ஸில் கடைசி சீட்டு. இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, அறுபதைத் தாண்டிய வயிற்றோடு அதே வருஷத்து, அதே பாசிப்பச்சை செவெல் ஒன்றை வைத்திருக்கிறார். அதுவும் ஒரு காலத்தில் லுட்கே ஷோரூமில் விற்ற வண்டிதான். கோர்டி கைக்கு வந்தபோது பாதி துருவாக இருந்தது. பிரித்து, வெட்டி, ஒட்டி, தேய்த்து, எட்டு வருஷத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். அதன் கதவில் முகம் பார்த்துத் தலைவாரலாம். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கும்: 'ஷோரூமை விட்டு வந்த நாளில் இருந்தபடியே.'

கோடையில் வியாழக்கிழமை சாயங்காலம் எல்லா வண்டிகளும் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்து ஐஸ்கிரீம் கடை வாசலில் கூடும். பானெட் திறந்திருந்தால் கேள்வி கேட்கலாம். மூடியிருந்தால் சொந்தக்காரர் சாசேஜ் வாங்கப் போயிருக்கிறார். எட்டிப் பார்ப்பவர்கள் பெல்ட் பக்கிள் பெயிண்டில் படாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிய வேண்டும். கோயிலில் நிற்பதுபோல நிற்பார்கள். அர்லீன் ஓட்டிக்கொண்டு வருவார், தூறலிலும்கூட. கோர்டியின் வண்டி டிரெய்லரில் போர்வை போர்த்திக்கொண்டு வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும், பத்தொன்பது வருஷமாக.

"அர்லீன், உங்க வண்டிக்கு ஒரு கால்ல சாக்ஸ் எறங்கிக் கெடக்கு. குனிஞ்சு இழுத்து விடுங்க" என்பார் கோர்டி. வாராவாரம் இதே.

"நடந்து வந்த வண்டிக்கு சாக்ஸ் எறங்கத்தாண்டா செய்யும். உன்னுது தூக்கிட்டு வந்த பொணம். அதுக்குச் சாக்ஸும் எறங்காது, ஒண்ணும் எறங்காது."

நாற்காலிகள் குலுங்கும். கோர்டி எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பார். கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. அதைப் பற்றி அப்போது மேலே யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் பூங்காவில் பெரிய கண்காட்சி. அர்லீன் எப்போதும் 'கை படாத வண்டிகள்' வரிசையில் நிற்பார். அங்கே பளபளப்புக்கு மதிப்பில்லை. மங்கிய பெயிண்ட், தேய்ந்த மிதி, வெடித்த சீட்டு விளிம்பு எல்லாம் அசலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை அந்த வரிசையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட வண்டி திரும்ப அங்கே நிற்க முடியாது. 'புதுப்பித்தது' என்று ஆகிவிட்டால் ஆனதுதான்.

இந்த வருஷம் லான்சிங்கிலிருந்து புது நடுவர் வந்திருந்தார். டேல் ப்ரூயிட். மெலிந்த மனிதர், முழங்கால் தேய்ந்த பேண்ட். அதைப் பார்த்தே அர்லீன், "மண்டி போட்டுப் பாக்குற ஆளு. நல்லது" என்றார். ப்ரூயிட் மண்டி போட்டார். பெயிண்ட் எவ்வளவு கனம் என்று சொல்லும் சின்னக் கருவியைக் கதவில் வைத்தார், மட்கார்டில் வைத்தார், கோட்டில் வைத்தார். வலதுபக்கம் போனார், திரும்ப வந்தார். டேப்பை எடுத்து அளந்தார். எழுந்தபோது அவர் குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"மேடம், எடது பக்கம் எப்பவாவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"கோட்டுல பெயிண்ட் பாடிய விடத் தடிமனா இருக்கு. எடம் வேற மாறியிருக்கு. யாரோ இந்தப் பக்கம் வேல பாத்திருக்காங்க."

"ரெண்டு பக்கமும் தடிமனாத்தான் இருக்கும். கையால போட்டது. லுட்கே ஷோரூம்ல லென்னர்ட் போட்டாரு. அன்னைக்கே எறக்கமாத்தான் இருந்துச்சு."

"அந்த ஷோரூம் இப்ப இருக்கா?"

"இல்ல. லென்னர்ட்டும் இல்ல."

"நான் பேச்ச வச்சு மார்க் போட முடியாதுங்க. வண்டிய அந்தப் பக்கம், புதுப்பிச்ச வரிசைக்கு எடுத்துருங்க. அங்கயும் நல்ல எடம் கெடைக்கும்."

அர்லீன் மடக்கு நாற்காலியை எடுத்து இடதுபக்கக் கோட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கடைசி சீட்டு அடங்கும்வரை காத்திருப்பாரே, அந்த உட்காரல்.

"நாப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல கேக்குறவங்க எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கேன். யாரும் கை வைக்கலன்னு. இப்ப நான் வண்டிய எடுத்துட்டுப் போனா, அந்தப் பதில் பொய்யின்னு நானே சொன்ன மாதிரி. எடுக்க மாட்டேன். பொய்யின்னு நீங்க எழுதிக்கிட்டுப் போங்க."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்று வண்டி தள்ளிப் புதுப்பித்த வரிசையின் தலைமாட்டில் கோர்டியின் செவெல் வெயிலை வாங்கித் திருப்பி வீசிக்கொண்டிருந்தது. கோர்டி கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு துணியை மடித்துப் பையில் வைத்தார். தன் பிக்கப் டிரக்கில் ஏறிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, ஜெயிச்சாச்சுன்னு கொண்டாடப் போறான்" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

ப்ரூயிட் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அர்லீன் டப்பாவைத் திறந்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டார். எனக்கும் ஒன்று நீட்டினார். மறுக்கத் தோன்றவில்லை. அவர் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் கியர் மாற்றுவதுபோல ஒருமுறை அசைந்தன.

பிக்கப் திரும்பி வந்தது. கோர்டி பின்னாலிருந்து எதையோ போர்வையோடு தூக்கி வந்து புல்லில் வைத்து விரித்தார். ஒரு முன் மட்கார்டு. கீழ்ப்பாதி துருவில் பூவேலை செய்ததுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. மேல்பாதியில் பாசிப்பச்சை. அதில் ஒரு வெள்ளைக் கோடு.

"சார், இங்க வாங்க" என்று ப்ரூயிட்டைக் கூப்பிட்டார். "இது என் வண்டியோடது. எடது பக்கம். வாங்கின அன்னைக்கு இருந்தது. துருப்பிடிச்சிருந்துச்சுன்னு மாத்திட்டேன். தூக்கிப் போட மனசு வரல, கராஜ் சுவத்துல மாட்டி வச்சிருந்தேன். அளந்து பாருங்க."

ப்ரூயிட் மறுபடி மண்டி போட்டார். மட்கார்டின் மேல் விளிம்பிலிருந்து கோடுவரை அளந்தார். அர்லீனின் வண்டியில் அளந்தார். கருவியைத் துருவுக்கு மேலே, கோட்டில் வைத்தார். பிறகு அர்லீனின் வண்டியில். எண்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அதே எறக்கம். அதே கனம்" என்றார். கோர்டியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்க வண்டில நேரா இருக்கே?"

"நான்தான் நேராக்கினேன்." கோர்டி தன் வண்டிக் கண்ணாடியில் இருந்த பலகையைப் பார்க்காமலே அதைக் கைகாட்டினார். "முன்னாடி வச்சிருந்தவன் எவனோ குடிச்சிட்டுப் போட்டிருக்கான்னு நெனச்சேன். சொரண்டி எடுத்துட்டு அளவெடுத்து நேரா போட்டேன். அப்புறம் இந்த வண்டிக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தினேன். லென்னர்ட் போட்டதே அப்படித்தான்னு மொத நாளே தெரிஞ்சு போச்சு."

"மொத நாளேவா?" என்றார் அர்லீன்.

"மொத நாளே."

"அப்ப இத்தன வருஷமா சாக்ஸு, சாக்ஸுன்னு..."

"நீங்க என் கோட்டப் பாத்துரக் கூடாதுன்னுதான் உங்க கோட்டையே சொல்லிக்கிட்டிருந்தேன், மிஸஸ் வோய்ட்டெக்."

பஸ்ஸில் கூப்பிட்ட பேர் அது. ப்ரூயிட் அர்லீனின் கண்ணாடியில் 'கை படாதது' என்ற சீட்டை ஒட்டினார், ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி. கோர்டி தன் வண்டிக்கு நடந்துபோய்க் கதவைத் திறந்து, பலகையை எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த வருஷப் பரிசு வரிசையில் அவர் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அர்லீன் அவரிடம் போனார்.

"பலகைய என்ன பண்ணப் போற?"

"அடுப்புல வைக்க வேண்டியதுதான்."

"எதுக்கு? பலகை சரியாத்தான் இருக்கு. வண்டிதான் தப்பா இருக்கு. வண்டியத் திருத்து."

கோர்டி புரியாமல் பார்த்தார்.

"டேப் வச்சிருக்கியா? என் வண்டில அளவெடுத்துக்க. முழுசா, வால்வரைக்கும். பெல்ட்டக் கழட்டிட்டு வா."

அந்தப் பெயிண்டில் வேறொருவர் தாளை ஒட்டிக் கோட்டைப் படியெடுக்க அவர் அனுமதித்து நான் பார்த்தது அன்றுதான். கோர்டி பெல்ட் இல்லாத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாளை நீவி நீவி ஒட்டினார். அர்லீன் பக்கத்திலேயே நின்று, "அங்க லென்னர்ட்டுக்குத் தும்மல் வந்திருக்கும்போல, லேசா வளையும். அதையும் சேத்து எடு" என்றார்.

குளிர்காலம் முழுக்க கோர்டியின் கராஜில் விளக்கு எரிந்தது. பெருமழை வந்து போன மறுநாள் அர்லீன் தெருவில் குனிந்தார். முகம் சுளிக்கவில்லை. கராஜ் கதவைத் திறக்கப் போனவர் நின்றார். தெருமுனையில் இன்னொரு எட்டு சிலிண்டர் சத்தம். கோர்டி டிரெய்லர் இல்லாமல், ஈரத்தில், சேறு தெறிக்க ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இடதுபக்கக் கோடு ஒரு விரல் தாழ்ந்திருந்தது, தும்மல் உட்பட.

"சாக்ஸ் எறங்கிருச்சு" என்றார்.

"நடந்து வந்திருக்குல்ல" என்றார் அர்லீன்.

ஜூனில் பே சிட்டியில் நடந்த கண்காட்சிக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். நானும் அர்லீனின் வண்டியில், மடியில் சாண்ட்விச் டப்பாவோடு. அங்கே வேறொரு நடுவர் கோர்டியின் வண்டிக்கு முன் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சார், இவ்வளவு அழகாப் பண்ணிட்டு, கோட்டுல கோட்ட விட்டுட்டீங்களே?"

கோர்டி கண்ணாடியில் மறுபடி ஏறியிருந்த பலகையைக் காட்டினார். பிறகு பக்கத்து வண்டியைக் காட்டினார். அங்கே பானெட் திறந்திருந்தது. அர்லீன் நாற்காலியை இடதுபக்கம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வந்து பாருங்க" என்றார். "கையப் பின்னால கட்டிக்கிட்டு."