அத்தையின் அட்டை ஏலம்

"…வேண்டாம்னு சொல்லலண்ணே. இப்படி வேண்டாம்னு சொல்லுதேன்" என்றாள் அத்தை.

அப்பா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அந்தக் கையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கிரிக்கெட் அட்டை. அத்தைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது பத்து வயது. இருப்பது ஒரே ஒரு அட்டை, அதில் இப்படி என்ன, அப்படி என்ன என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ராஜபாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு நூல் மில் ஆபீசில் வேலை. பள்ளிக்கூட நாளில் பபிள்கம் உறைக்குள் ஒரு கிரிக்கெட்காரர் படம் வைத்து விற்பார்களாம். மற்ற பிள்ளைகள் பபிள்கம்முக்காக வாங்கினார்கள். அத்தை படத்துக்காக வாங்கினாள். பபிள்கம்மை அவள் மென்றதே இல்லை. அதைக் கொடுத்து அடுத்தவர் படத்தையும் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கடையில் கட்டாக விற்கும் அட்டைகள் வந்தன. அதையும் விடவில்லை. வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. சம்பளத்தன்று வீட்டுக்கு மிக்சரும் தனக்கு ஒரு கட்டு அட்டையும் வாங்கி வருவாள். மற்றதெல்லாம் கவரோடு அப்பா கைக்குப் போகும்.

அப்பாவுக்கு பேண்டேஜ் துணி வியாபாரம். அதனால் வீட்டில் காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு பெட்டியில்தான் அத்தை தன் ஆட்களைக் குடிவைத்திருந்தாள். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக அடுக்கி, பேண்டேஜ் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைத்திருப்பாள். பார்த்தால் எல்லா டீமும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல இருக்கும். யாரையும் அச்சடித்த பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். சுருட்டை, கோழிமுட்டைக் கண்ணன், பேட்டைத் தரையில் தட்டித் தட்டியே பொழுதைப் போக்குகிறவர் என்று அவளாக வைத்த பேர்தான். அம்மா கேலி பண்ணுவாள்: "உங்க அத்தைக்கு மாப்பிள்ளை பாக்கணும்னு அலையுதோம். அவ என்னடான்னா பெட்டிக்குள்ள பத்து டீம் ஆம்பளையள வச்சிருக்கா."

அந்தப் பெட்டியில் எந்தக் கட்டோடும் சேராத அட்டை ஒன்று உண்டு. ஒரு பீல்டர் காற்றில் படுத்தபடி கையை நீட்டுகிறார். விரல் நுனியோடு படம் முடிந்துவிடுகிறது. பந்து எங்கேயென்று தெரியாது. பிடித்துவிட்டார் என்பாள் அத்தை. விட்டுட்டார் என்பேன் நான். இதற்காகவே நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

அத்தைக்கு ஒருவழியாக வரன் அமைந்தது. வ. புதுப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். (அந்த மாப்பிள்ளைதான் பின்னாளில் எங்கள் மாமா ஆனார். நல்ல மனிதர். கிரிக்கெட் மட்டும் பிடிக்காது.) உறுதி பண்ண வந்த அன்று, அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைக் காலால் நகர்த்தி, திறந்தும் பார்த்துவிட்டாள். "பிள்ளை இன்னும் படம் வச்சு விளையாடுதோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டவள் மறந்திருப்பாள். அப்பா மறக்கவில்லை. "அதெல்லாம் பழசு, எடைக்குப் போட எடுத்து வச்சது" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னதை மெய்யாக்க மறுநாளே பழைய பேப்பர்காரரைத் தராசோடு கூட்டிவந்து நிறுத்தினார்.

அத்தை ஒன்றும் கத்தவில்லை. பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எடைக்குத்தான் போடணும்னா என்னையும் சேத்து நிறுத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பேப்பர்காரர் எத்தனையோ வீட்டுச் சண்டையைப் பார்த்தவர். "அக்கா எறங்கினா ஒரு சத்தம் குடுங்க, செத்த நேரம் கழிச்சு வாரேன்" என்று டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. அப்பாவுக்குக் கோபம் பொங்கியது. புகுந்த வீட்டுக்கு அந்தப் பெட்டி போகக்கூடாது, இந்த வீட்டிலும் இருக்கக்கூடாது, வித்துத் தொலை என்று சத்தம் போட்டார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விக்கணும், அம்புட்டுத்தான? நான் விக்கேன்."

எவன் வாங்குவான் என்று அப்பா சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பு சனிக்கிழமை வரைக்கும் தாங்கியது. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை ரசத்தைப் பிசைந்துகொண்டே, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பெட்டியைக் காணிக்கையாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அம்மா வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது.

எங்கள் பூர்வீகக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஆண்டாள் கோபுரம் தெரிகிற தூரத்தில் சின்னதாக ஒரு சர்ச், எங்கள் பேச்சில் அது கோயில். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் விளைச்சலில் முதலானதைக் கொண்டுவந்து பலிபீடத்து முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்துப் பந்தலில் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். பணம் கோயிலுக்கு. விளைச்சல் இல்லாதவர்கள் கையில் இருப்பதைக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் மறுக்கக்கூடாது. அப்பா கோயில் கமிட்டியில் இருந்தார். உங்களுக்கு அருமையானதைக் கொண்டுவாருங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொன்னவரே அவர்தான். தங்கச்சியிடம் மட்டும் எப்படி வேண்டாமென்பார்?

"பணம் ஒனக்கு ஒரு பைசா வராது, தெரியும்லா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"காசு கோயிலுக்குப் போகட்டும்ணே. எனக்கு வெலை மட்டும் போதும்" என்றாள் அத்தை.

மறுநாள் பஸ்ஸில் பெட்டி என் மடியில் வந்தது.

எங்கள் ஏலத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எடுத்தவருக்கு மனசிருந்தால் பொருளை மேசையிலேயே திருப்பி வைத்துவிடலாம். அது மறு ஏலத்துக்குப் போகும். ஒரே பூசணிக்காய் நாலு வீட்டுக்காரர்கள் கைமாறி, கடைசியில் கொண்டுவந்தவர் வீட்டுக்கே போனதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழக்கம், பந்தலில் இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், நடுவில் ஒரு வழி. பெண்கள் பக்கமிருந்து யாரும் கை தூக்கமாட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் ஒரு பிள்ளையின் காதில் தொகையைச் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை ஓடிப்போய் அவள் வீட்டு ஆணின் காதில் சொல்ல, அவர் கையைத் தூக்குவார். அந்த ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கோழிக்கும் முருங்கைக்காய்க்கும் நான் பாய்ந்த பாய்ச்சலில் பந்தல் கால்களே ஒதுங்கி நிற்கும்.

ஏலம் கூறுகிறவர் அத்தைக்குப் பெரியப்பா முறை, எங்களுக்கும் அதே பேர்தான். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரலுக்கு மைக் எதற்கென்று எல்லாருக்கும் சந்தேகம். வாழைத்தார், இளநீர், சேவல் எல்லாம் போன பிறகு அத்தையின் பெட்டியைத் திறந்தார்.

"என்னம்மா இது, கோயில்ல சீட்டுக்கட்டா?"

பந்தலே சிரித்தது. யாரோ ஒருவர் பெட்டிக்கு மட்டும் ஒரு விலை சொன்னார். இன்னும் சிரிப்பு. முன்வரிசையில் கமிட்டிக்காரர்களோடு இருந்த அப்பா தரையைப் பார்த்தார். நான் அத்தையின் சேலைக்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். அத்தை எழுந்து நின்றாள்.

"மொத்தமா வேண்டாம் பெரியப்பா. கட்டுக் கட்டா கூப்பிடுங்க. உள்ள யார் யாருன்னு நான் சொல்லுதேன்."

அப்புறம் நடந்தது எங்கள் கோயில் அதுவரை காணாதது. பெரியப்பா ஒரு கட்டைத் தூக்க, அத்தை நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். இவர் காய்ச்சலோடு ஆடி நூறு அடிச்சவர். இவருக்கு அவுட் கொடுத்தது தப்பு, அன்னைக்கு நான் சோறே திங்கல. இவர் பந்து போட ஓடிவந்தா எங்க வீட்டு டிவியே ஆடும். பெரியப்பாவுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. "ஆஸ்திரேலியா! ஆஸ்திரேலியா போறவுக சீக்கிரம் வாங்க, வண்டி எடுக்கப்போவுது" என்றார். மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் இது வேறு சிரிப்பு, அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து, பண்டிகையன்று கோயிலில் எல்லாருக்கும் போடும் அசனச் சாப்பாட்டுக்காக வந்திருந்த பையன்கள் ஒருவருக்கொருவர் போட்டியில் ஏற்றிவிட்டார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த வயசாளி ஒருவர், ரேடியோவில் கேட்டதோடு சரி, முகம் பார்த்ததில்லையாம். மேற்கிந்தியக் கட்டு வந்ததும் எழுந்தார்.

"அதுல பனைமர உசரத்துக்கு ஒரு பய உண்டே, இருக்கானா தாயி?"

"மேல இருந்து மூணாவது ஆளு" என்றாள் அத்தை.

அவர் வாங்கிய கையோடு கட்டைப் பிரித்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, "இம்புட்டு அழகனா இருந்திருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சேவலைவிட ஆஸ்திரேலியா கூடுதலாகப் போயிருந்தது. ஒவ்வொரு முறை மூணு தரம் கூறி முடிக்கும்போதும் அத்தையின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அழுவாளென்று நினைத்து கைக்குட்டையோடு காத்திருந்த அம்மா, அதைக் கொண்டே விசிறிக்கொண்டாள்.

கடைசியில் பெட்டிக்கு அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது. காற்றில் படுத்த பீல்டர்.

பெரியப்பா அதைத் தூக்கிக் காட்டினார். இதற்கு மட்டும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலேஜ் பையன் கேட்டான். அதுவரை எதற்கும் அசையாத அப்பா கையைத் தூக்கினார். பையன் ஏற்றினான். அப்பாவும் ஏற்றினார். கமிட்டிக்காரர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அட்டை அப்பாவுக்கு.

அவர் அதை வாங்கிக்கொண்டு, ஆண்கள் யாரும் தாண்டாத அந்த நடுவழியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல சிரிப்பு. குனிந்து, "இந்தா, இது ஒண்ணு மட்டும் ஒன்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. சண்டை தீர்ந்தது, அட்டையும் வந்தது, வீட்டுக்குத் திரும்பும்போது பால்கோவா வாங்கித் தருவார்கள். அப்போதுதான் அத்தை, வேண்டாமென்று சொல்லவில்லை, இப்படி வேண்டாம் என்று சொன்னாள்.

சொல்லிவிட்டு அப்பா கையிலிருந்து அட்டையை மெதுவாக எடுத்தாள். எழுந்து போய் ஏல மேசையில், சாயங்கால வெயிலில் தனியாகக் கிடந்த பூசணிக்காய் பக்கத்தில் வைத்தாள். "மறு ஏலம் கூறுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த பர்சை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அப்பா நடுவழி வரை திரும்பிப் போய் அங்கேயே நின்றார். பெரியப்பா அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு கூற ஆரம்பித்தார்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் சும்மா கிடைத்ததை எதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? அதுவும் ஆதியிலிருந்தே தன்னுடையதாக இருந்ததை? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் என் வேலை எனக்குத் தெரியும். அத்தை தொகையைச் சொல்வாள், அப்பா காதுக்கு நான் ஓட வேண்டும். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, காதை அவள் வாய்ப்பக்கம் நீட்டி எழுந்துவிட்டேன்.

"நீ இரு ஏட்டி" என்று அத்தை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். இத்தனை பேர் முன்னால் என் கால்வேகத்தில் சந்தேகப்பட்டுவிட்டாளே என்று எனக்கு ரோஷமாக வந்தது. அழுகை முட்ட நான் நிமிர்ந்து பார்த்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து, வளையல் முழங்கை வரை சரிந்து இறங்க, அத்தை தன் கையைத் தூக்கினாள்.