எங்கே உடையும்?

"ஏ பொண்ணு, இந்த பஸ் நம்பர் என்ன?"

"எட்டாயிரத்து ஐம்பத்தொண்ணு."

"உடையுமா?"

தூவா கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி யோசித்தாள். "தொண்ணூறோட வர்க்கத்துல ஏழோட வர்க்கம் குறையுது. உடையும், எண்பத்துமூணு பெருக்கல் தொண்ணூத்தேழு."

"அட, நம்ம ஆளு!" டிரைவர் ஓட்னி ஸ்டியரிங்கைத் தட்டினார். "எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! பஸ் ஏன்க்கா உடையணும்னு பயந்து பின்னாடி போய் உக்காந்துக்குவாங்க."

அன்றிலிருந்து தூவாவுக்கு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் இடம்.

பெர்கன் நகரத்தில் பஸ் ஓட்டும் ஓட்னிக்குச் சிவப்பு விளக்கு என்றால் கொண்டாட்டம். முன்னால் நிற்கும் காரின் எண்ணை உடைத்துவிட்டுத்தான் பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியைக் கடிப்பார். இரட்டை எண் வந்தால் முகம் சுளிப்பார். "இதெல்லாம் ஒரு நம்பரா? தொடுறதுக்கு முன்னாடியே பொளந்துகிட்டு நிக்குது."

அவர் மனம் முழுக்க இருநூற்றுச் சொச்சம் இலக்கம் கொண்ட ஓர் எண்ணில். அது பகா எண் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனால், எதனால் வகுபடும் என்று ஒருவருக்கும் தெரியாது. "உடையும்னு தெரியுது, எங்க உடையும்னு தெரியல. தூக்கம் வருமா சொல்லு!"

இப்படிப் பெரிய எண்களை உடைக்கத் தேடி அலையும் வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம். ஓர் எண்ணை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தேடலாம். அதற்கும் கெடு உண்டு. ஓட்னியின் கெடு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. அடுத்து வரிசையில் நின்றவர் டென்மார்க்கில் ஒரு பல் மருத்துவர். "அந்தாளு கையில போனா பிடுங்கிடுவான்டி!"

கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஓட்னியின் துணி துவைக்கும் அறையில் ஈரக் காலுறைகளுக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த கணினியைத் தூவா பார்த்தாள். கண்டபடி ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்தப் பெரிய எண்ணை உடைக்கும் எண் அங்கே இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. எங்கே தோண்டுவது என்று தீர்மானிக்கும் தொடக்க எண்ணை எப்போதோ சோதனைக்காக மாறாமல் வைத்த ஓட்னி, அதை மாற்ற மறந்திருந்தார். சலவை இயந்திரம் ஓடினால் ஃப்யூஸ் போய்விடும் என்று தினமும் கணினியை அணைத்துப் போடுவார். அதுவும் தினமும் முதலிலிருந்து அதே குழிகளையே தோண்டிக்கொண்டிருந்தது.

"ஓட்னிக்கா, ஒரு வருஷமா ஒரே இடத்தைத்தான் தேடியிருக்கீங்க." அழுதுவிடுவாரோ என்று தூவா தலையைத் தூக்கவில்லை.

"அப்போ மத்த இடமெல்லாம் இன்னும் பாக்கியா!" ஓட்னி குதித்தே விட்டார். சலவை இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகு அவர் பஸ் ஓட்டியதெல்லாம் துவைக்காத சட்டையில்தான்.

கெடுவுக்கு முந்தைய நாள், பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் கைபேசி ஒலித்தது. வீட்டுக் கணினி ஓர் எண்ணை அனுப்பியிருந்தது. அது சூடேறி முன்பு ஒருமுறை பொய் சொன்னதுண்டு. கண்டுபிடித்தவர் பேச்சு செல்லாது. வேறொருவர் வேறொரு கணினியில் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்னி திரையைப் பார்க்காமலே கைபேசியைப் பின்னால் நீட்டினார்.

"வண்டி ஓட்டுறப்ப நான் திரும்ப மாட்டேன். உன் லேப்டாப்புல நம்ம பெரிய நம்பரை இதால வகுத்துப் பாரு. மீதி வந்தா ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போயிடு. பூஜ்யம் வந்தா மட்டும்..." பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மணியடிக்கும், கம்பியிலிருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "அதை அமுக்கு."

பஸ் பாலம் தாண்டிச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. அதற்குள் நிறுத்தமே கிடையாது. மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்த தூவா, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, பொத்தானில் வைத்த விரலை எடுக்கவேயில்லை.