பெயின்ட் அக்காவும் பதினோரு கீச்சான்களும்

அடிபட்ட காரின் கதவுக்குப் பெயின்ட் அடிப்பது பெரிய காரியமில்லை. பக்கத்துக் கதவோடு அது சேர்ந்து போக வேண்டும், வேலை அங்கேதான் இருக்கிறது. அதிலும் சாம்பல் நிறக் கார் வந்துவிட்டால் பல ஷெட்டுகளில் கையைப் பிசைவார்கள். ஒரு சாம்பலில் நீலம் ஒளிந்திருக்கும், இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் கொஞ்சம் பழுப்பு. நிழலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கதவுகள் வெயிலுக்கு வந்ததும் ஆளைக் கவிழ்த்துவிடும்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பெயின்ட் அக்கா இருந்தார். ஷெட் அவருடைய அண்ணனுடையது. நெளிவு எடுப்பது, பட்டி வைத்துத் தேய்ப்பது எல்லாம் அண்ணன் பாடு. நிறம் தங்கை பாடு. ஐம்பத்திரண்டு வயது, குட்டையான உருவம், எந்நேரமும் விரல் நகத்தோரம் ஏதாவது ஒரு நிறம். அவசரப்படுத்தும் வண்டிக்காரர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மொதல்ல வண்டியக் கழுவிக் கொண்டாங்க. அழுக்குக்கெல்லாம் நான் பெயின்ட் கலக்க முடியாது."

அவருக்குப் பறவைகளைப் பற்றி எதுவும் தெரியாது. காக்கையும் புறாவும் தெரியும். இரண்டும் புதுப் பெயின்ட் மேல் என்ன செய்யும் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

குளிர் தொடங்கிய ஒரு வாரத்தில் ஷெட்டின் பின்பக்க முள்வேலியில் ஒரு வெட்டுக்கிளி குத்தப்பட்டிருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. நான்காம் நாள் ஒரு பல்லி, கம்பி முள்ளில் கழுத்து மாட்டி, துணி காயப்போட்டது போலத் தொங்கியது. அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

"இது அந்த டயர்காரன் வேலைதான்," என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் டயர்க் கடை. கம்ப்ரஸர் சத்தம் அதிகம் என்று அவரும், டயர் எரிந்த நாற்றம் அதிகம் என்று இவரும் ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அவருக்கு வேற வேல இல்லையா? பல்லியப் பிடிச்சு ஊசி கோக்கறதுக்கு?" என்றார் அக்கா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பயமுறுத்திப் பாக்கறான்."

ஐந்தாம் நாள் ஒரு சுண்டெலி. அண்ணன் நேராக டயர்க் கடைக்குப் போய்விட்டார். போன வேகத்திலேயே குரல் உயர்ந்தது. அக்கா தின்னர் டப்பாவை மூடிவிட்டு ஓடிப் பார்த்தால், டயர்காரரும் அதே சுண்டெலியைக் கையால் காட்டிக்கொண்டு, "நீங்க செய்றதயும் செஞ்சிட்டு என்கிட்டயே வந்து கேக்கறீங்களா?" என்று நிற்கிறார். இருவரும் ஒரே எலிக்காக ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சாம்பல் நிறப் பறவை ஒன்று வேலிக்கு இறங்கி, அவர்கள் கண் முன்னாலேயே எலியின் காதுப்பக்கம் ஒரு துண்டைப் பிய்த்து விழுங்கியது.

பறவை மெதுவாகத்தான் சாப்பிட்டது. மைனாவைவிடச் சற்றுச் சிறிது. கழுகும் இல்லை, பருந்தும் இல்லை. பார்த்தால் பாட்டுப் பாடிப் பிழைக்கிற சாது போல இருந்தது. சாப்பிட்டு முடித்து, அலகைக் கம்பியில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, உண்மையாகவே கொஞ்சம் பாடியது.

"இத்தனூண்டா?" என்றார் டயர்காரர்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அக்கா போகவில்லை. அந்தப் பறவையின் முதுகு அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அப்படி ஒரு சுத்தமான சாம்பலை அவர் எந்தக் காரிலும் பார்த்ததில்லை. நீலம் இருக்கிறதா என்று தேடினார். ஒரு துளி இருந்தது, ஆனால் வெளியே வரவில்லை. கொக்கி போல வளைந்த அலகிலிருந்து கண் வழியாகக் காதுவரை கறுப்புப் பட்டை, மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஸ்ப்ரே அடித்த மாதிரி ஓரம் பிசகாமல் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் அந்த முதுகு நிறத்தை ஓர் அட்டையில் கலந்து பார்த்தார். ஏழாவது முறைதான் சரிவந்தது.

வீட்டில் அவருடைய கணவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறவர், எதையும் நிதானமாகக் கேட்பவர்.

"இதோட பேர் தெரியணும்," என்று அட்டையை நீட்டினார் அக்கா.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சாம்பல் கலரு."

"அது எனக்குத் தெரியாதா? பறவையோட பேரக் கேக்கறேன்."

"கலர மட்டும் காட்டிப் பேரக் கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?"

மறுநாள் கணவரே நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அதில் இருந்தது: கீச்சான். பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் வேட்டையாடித் தின்பது. பருந்துக்கு இருப்பது போலப் பிடித்துக் கிழிக்கும் நகம் கிடையாது; அதனால் பிடித்ததை முள்ளில் குத்தி வைத்துக்கொண்டு அலகால் கிழிக்கும், மிஞ்சினால் பிறகு தின்ன விட்டுவைக்கும். அதில் சாம்பல் நிறத்திலேயே பெரியது, சிறியது என்று இரண்டு இருந்தன. சிறியதற்குக் கறுப்புப் பட்டை நெற்றிமேலும் ஏறியிருக்கும். பெரியதற்கு அலகுக்கு மேல் ஏறாது.

"நம்மளது பெரிசு," என்றார் அக்கா. "நெத்தி சுத்தமா இருந்துச்சு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. விடுமுறை நாளில் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குப் போய், பறவைப் பிரிவு எங்கே என்று கேட்டார். பறவைப் பிரிவு என்பது மூன்றாம் மாடியில் ஒரு நீண்ட அறை, சுவர் முழுக்கத் தட்டையான இழுப்பறைகள், நடுவில் ஒரே ஒரு மனிதர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடி இருக்கும் இடத்தைச் சொன்னார். பிறகு தன் பறவையைச் சொன்னார்.

"நெத்தியில கறுப்பு இல்லைங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதும்மா," என்றார் பொறுப்பாளர். "சின்ன சாம்பல் கீச்சான்லயும் குஞ்சு வளந்து முதல் வருஷம் நெத்தி வெளுப்பாதான் இருக்கும். றெக்கையப் பாத்தீங்களா? மடிச்சு உக்காந்திருக்கும்போது நுனி நீளமா வெளிய நீட்டிட்டு இருந்தா சின்னது. கட்டையா இருந்து, வால் நீளமா இருந்தா பெரிசு."

அக்கா அதைப் பார்க்கவில்லை. சரியாகக் கழுவாத காருக்குப் பெயின்ட் அடித்துவிட்ட மாதிரி வெட்கமாகப் போயிற்று. "பாத்துட்டு வரேன்," என்று எழுந்துவிட்டார்.

அடுத்த ஒரு வாரம் அக்கா வேலியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஷெட்டில் வேலை தத்தளித்தது. அண்ணன் கத்திப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் டயர்காரர்தான் உதவினார். அவர் கடைக் கூரை உயரம். அங்கே அடுக்கிய டயர்கள் மேல் அக்காவை ஏற்றி உட்காரவைத்து, தன் செல்போனையும் கொடுத்தார். "அக்கா, ஆடாதீங்க. கீழ ரெண்டு டயர் மொட்டை." அக்கா ஆடாமல் நாற்பது படம் எடுத்தார். முப்பத்தெட்டில் வேலி மட்டும் இருந்தது. இரண்டில் பறவை இருந்தது: கட்டை இறக்கை, நீள வால்.

பொறுப்பாளர் அந்த இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்து, "பெரிய சாம்பல் கீச்சானேதான்," என்றார். அக்காவின் முகம் விரிந்து போயிற்று. அவர் மகிழ்ச்சியைப் பார்த்துப் பொறுப்பாளருக்கும் உற்சாகம் வந்து, கீச்சான் இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

பதினோரு பறவைகள், பதனிட்டுப் பஞ்சு அடைத்தவை, எல்லாம் மல்லாந்து வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. நான்கு பறவைகளுக்கு நெஞ்சு வெண்மை. மற்ற ஏழுக்கு நெஞ்சு மங்கிய சாம்பல். அந்த ஏழின் சீட்டிலும், ரொம்ப காலத்துக்கு முன் வேலை பார்த்த யாரோ, அழகான கையெழுத்தில் 'கருநெஞ்சுக் கிளையினம்' என்று எழுதியிருந்தார்.

"ஒரே இனத்துக்குள்ளேயே இப்படிச் சின்னச் சின்ன பிரிவு இருக்கும். இதுலதான் எங்களுக்குள்ள சண்டையே," என்றார் பொறுப்பாளர்.

அக்கா குனிந்து பார்த்தார். முதலில் ஜன்னல் பக்கம் சாய்ந்து, பிறகு விளக்கை மறைத்துக்கொண்டு. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஏழில் ஒன்றின் முதுகோரம் வைத்தார். பொருந்தியது. நெஞ்சைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது கலரு இல்ல, அழுக்கு."

"என்னம்மா சொல்றீங்க?"

"முதுகு நம்ம வேலிப் பறவை முதுகுதான். நெஞ்சுல மட்டும் கரி ஏறியிருக்கு. மல்லாக்கப் படுக்க வச்சா மேல விழற புகையெல்லாம் நெஞ்சுலதானே உக்காரும்? றெக்கைக்கு அடியில பாருங்க, அங்க படிஞ்சிருக்காது."

பொறுப்பாளர் ஒரு பறவையின் இறக்கையை இடுக்கியால் மெல்லத் தூக்கினார். உள்ளே, நெஞ்சின் ஓரம், பால் போல வெள்ளையாக இருந்தது. அவர் இறக்கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். பிறகு ஜன்னலுக்குப் போய், எதிரே இருந்த ரயில் நிலையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கரி எஞ்சின் ரயில் ஓடிய காலம் முழுக்க அந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது; பறவைகளும் அப்போது மூடியில்லாத தட்டுகளில்தான் கிடந்தன, வெண்ணெஞ்சு நான்கும் அதற்குப் பிறகு வந்தவை.

"நாப்பது வருஷமா இந்த இழுப்பறைய நான் தெறந்து மூடிட்டு இருக்கேன்," என்றார்.

"நான் தெனமும் அழுக்குக் காரத்தானே பாக்கறேன். நீங்க அழுக்குப் பறவையப் பாத்திருக்க மாட்டீங்க," என்றார் அக்கா.

உடனே துடைத்துவிட முடியவில்லை. மேலிடத்து அனுமதி, அங்கே பதனிட்ட பறவைத் தோல்களைப் பராமரிப்பவரின் ஒப்புதல் என்று மூன்று வாரம் போயிற்று. துடைக்கிற நாளுக்கு அண்ணன் ஷெட்டைப் பூட்டிவிட்டு, டயர்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பராமரிப்பவர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, முதல் பறவையின் நெஞ்சை இறகுப் போக்கிலேயே ஒற்றி எடுத்தார். பஞ்சு கறுத்தது. இரண்டாவது பஞ்சும் கறுத்தது. ஐந்தாவது பஞ்சில் நெஞ்சு வெளுத்துவிட்டது. டயர்காரர் தன்னையறியாமல் கை தட்டி, பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

ஐந்து பறவைகள் அப்படி வெளுத்தன. ஆறாவதும் ஏழாவதும் முழுக்க வெளுக்கவில்லை. கரி போன பிறகும் நெஞ்சில் மெல்லிய அலை அலையான சாம்பல் கோடுகள் நின்றன. அக்கா, "இன்னும் கொஞ்சம் துடைங்க, போயிரும்," என்றார்.

"போகாதும்மா," என்றார் பொறுப்பாளர், இப்போது தன் முறை வந்த சந்தோஷத்தில். "இது ரெண்டும் இளசு. இளசுகளுக்கு நெஞ்சுல இந்தக் கோடு இருக்கும். இதைத் துடைச்சா பறவைதான் தேயும்."

அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பாடா, இவளுக்கும் தப்பும்னு இன்னிக்காவது ஒருத்தர் சொன்னீங்களே."

அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கோடுகளை அட்டையில் வரைந்துகொள்ள மறக்கவில்லை.

கருநெஞ்சுக் கிளையினம் அன்றோடு ஒழிந்தது. பதினொன்றும் ஒரே இனம், ஒரே பிரிவு என்று புதுச் சீட்டுக் கட்டினார்கள். பழைய சீட்டையும் கழற்றாமல் கூடவே விட்டுவைத்தார்கள், தப்பும் பதிவில் இருக்க வேண்டுமாம். பொறுப்பாளர் எழுதிய சிறு கட்டுரையில், நிறங்களை ஒப்பிட்டுச் சொன்னவர் ஒரு கார் பெயின்டர் என்று இருந்தது. அண்ணன் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு ஷெட்டில் மாட்டினார். நிறம் ஒத்துப்போகவில்லை என்று வாதாட வரும் வண்டிக்காரர்களை இப்போது அவர் பேசாமல் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

மாதத்தில் இரண்டு நாள் அக்கா மூன்றாம் மாடிக்குப் போய்வருகிறார். போன மாதம் பொறுப்பாளர் பக்கத்து இழுப்பறையை இழுத்து வைத்தார். அதற்குள் முப்பத்திரண்டு குருவிகள், எல்லாமே பழுப்பு.

"பழுப்பு எனக்கு அவ்வளவா வராதே," என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.